அண்ணாவைப் பின்தொடர்ந்தவர்கள்

வன்னியில் ஒருவர் "என்னைப் பின்தொடருறாங்கள்" என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டார்கள். படலையைச் சாத்துவார்கள். யார், எந்த மோட்டார் சைக்கிள், எத்தனை மணிக்கு என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்களுக்குப் பதிவு, விசாரணை, சிவில் உடுப்பில் வந்து பெயர் கேட்கிறவர்கள் எதுவுமே புதினமில்லை. அதனால் என் அண்ணா அதைச் சொன்னபோது அது நோயாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணா மேசன். இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் நாலாபக்கமும் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு ஓய்வே இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் முதலில் வேலைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு நித்திரை போனது. இரவு முழுக்க முற்றத்தில் நடப்பார், விடியத்தான் வந்து படுப்பார். குளிப்பு குறைந்தது. கூட்டாளிகள் தேடி வந்தால் அடுப்படிப் பக்கத்தால் வெளியே போய்விடுவார். கடன், காதல், கசிப்பு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம். அது மனச்சிதைவு (ஸ்கிசோப்ரினியா) என்ற நோய். பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குமாம். பதின்ம வயதின் கடைசியிலிருந்து முப்பதை ஒட்டிய வயதுக்குள், ஆள் மெல்ல மெல்ல ஒதுங்கிப்போவார். குரல்களும் சந்தேகங்களும் மற்றவர்களுக்குத் தெரியவரும்போது நோய் வீட்டுக்குள் வந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

அண்ணா சொன்ன மோட்டார் சைக்கிளை நான் கண்டுபிடித்தேன். காலையில் பால் எடுக்க வருகிறவருடையது. அண்ணாவிடம் சொன்னேன். "அவரையும் வாங்கிப்போட்டாங்கள்" என்றார். அடுத்த கிழமை கடைக்காரர் அந்தப் பக்கம் போய்விட்டார். பிறகு என் கணவர். கடைசியில் அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை அம்மாவையே முதலில் குடித்துக் காட்டச் சொன்னார்.

நடக்கக்கூடியதா, நடக்க முடியாததா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் இந்த நோயைப் பிடிக்க ஏலாது. இங்கே நடக்க முடியாதது என்று என்ன இருக்கிறது? உண்மையாகவே கண்காணிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் பயந்தார்கள். ஆனால் எந்த வழியால் போவது, யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது என்று கணக்குப் போட்டார்கள். "அது அவன் இல்லை, இவன்" என்று யாராவது சொன்னால் யோசித்துத் தங்கள் எண்ணத்தை மாற்றினார்கள். வந்தவன் போன பிறகு இருந்து சோறு தின்றார்கள். அண்ணாவின் ஆட்கள் போவதே இல்லை. அவர்கள் சாப்பிடுவதில்லை, படுப்பதில்லை, பிழை விடுவதில்லை. எதிரான சாட்சி ஒன்றைக் காட்டினால் அதையும் சேர்த்துக்கொண்டு அந்த நம்பிக்கை பெருத்தது. சீமெந்துப் பையில் அச்சடித்திருந்த எண், செய்தி வாசிக்கிறவர் இருமியது, வாகன இலக்கத் தகடு எல்லாமே அவரைப் பற்றியவை ஆகின. டாக்டர்கள் மருட்சி என்று சொல்வது இந்த அசையாத உறுதியைத்தான். நம்புகிற விசயம் தற்செயலாக உண்மையாகவே இருந்தாலும்கூட, நம்புகிற விதம் நோயாக இருக்க முடியும் என்று டாக்டர் பிறகு சொன்னபோதுதான் எனக்குத் தலை தெளிந்தது.

குரல்களைப் பற்றி அண்ணா நீண்டநாள் வாய் திறக்கவில்லை. இரண்டு ஆண்கள். அவரோடு கதைப்பதில்லை, அவரைப் பற்றித் தங்களுக்குள் கதைப்பார்கள். "இப்ப சாரத்தைக் கட்டுறான். இப்ப கிணத்தடிக்குப் போகப்போறான்." நாள் முழுக்க இப்படி. குளிக்காமல் விட்டதன் காரணம் அதுதான். குளிக்கும்போது அவர்கள் சிரிப்பார்களாம். சோம்பல் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் இருந்தது.

இந்த இடத்தில் எது நோயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறந்த பிள்ளை பின்னேரத்தில் "அம்மா" என்று கூப்பிட்டது கேட்டது என்று சொல்லும் தாய்மார் எங்கள் ஊரில் பலர். அது துயரம். செத்தவீடு செய்ய உடலே கிடைக்காத இடத்தில் அந்தத் துயரம் வருசக்கணக்காக நிற்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, "அதுகளுக்குத் தலை பிசகிட்டுது, பிள்ளையள் உயிரோட இருக்கெண்டு நம்புதுகள்" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. படையினர் கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று கேட்பது மருட்சி இல்லை. ஷெல் சத்தம் திரும்பக் கேட்பதும், கனவில் பதுங்குகுழிக்குள் ஓடுவதும் போரின் வடு. அதற்கு வேறு பெயர், வேறு வைத்தியம். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதால்தான் இதைப் பிரித்துப் பார்க்கப் படித்த ஆள் தேவைப்படுகிறது.

நாங்கள் முதலில் போனது சாத்திரியாரிடம். செய்வினை என்றார். கழிப்புக் கழித்தோம், நூல் கட்டினோம், ஒரு ஆட்டை விற்ற காசு போனது. அதற்காகக் கோயிலைப் பழித்து எழுத எனக்கு விருப்பமில்லை. வற்றாப்பளை அம்மனிடம் அம்மா வைத்த நேர்த்தி அண்ணாவுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அம்மாவை நிமிர்த்தி வைத்தது. டாக்டரும் "கோயிலுக்குப் போங்கோ, குளிசையும் போடுங்கோ" என்றுதான் சொன்னார். கட்டிப் போடச் சொல்கிறவர், பட்டினி போடச் சொல்கிறவர், பிரம்பு எடுக்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்த வளவிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அவ்வளவுதான் என் நிபந்தனை. மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

கிளினிக்குக்கு எப்படிக் கூட்டிப்போவது? "உங்களுக்கு மனநோய், வாங்கோ" என்றால் யாரும் வர மாட்டார்கள். தனக்கு நோய் என்பதே தெரியாமல் இருப்பது பிடிவாதம் இல்லை, இந்த நோயின் ஒரு பகுதி. பின்தொடர்கிறவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று அண்ணாவோடு வாதாடியதில் அதுவரை ஒரு பலனும் கிடைத்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் சண்டை இல்லாத ஒரே விசயம் நித்திரை. நித்திரை இல்லை என்பது அவருக்கும் தெரியும், கண் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. "அண்ணா, அவங்கள் ஆரெண்டு பிறகு பாப்பம். நீங்கள் படுத்து எத்தினை நாள்? நித்திரைக்கு ஒரு மருந்து எடுப்பம்" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. வந்தார். பஸ்ஸில் ஏறவில்லை, ஆட்கள் அதிகம். தெரிந்த ஒருவரின் ஓட்டோவில், பின் இருக்கையில், துவாயால் தலையை மூடிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் மனநலத்துக்குப் பொறுப்பான டாக்டர் பின்தொடர்கிறவர்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நித்திரை, சாப்பாடு, உடம்பு நோ, பீடி, கஞ்சா, குடி. இப்போதென்றால் ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிப்பதுண்டா என்றும் கேட்கிறார்கள், அந்தச் சாமான் மட்டுமே ஒருவரை இந்த நிலைக்குக் கொண்டுவரும். சலரோகம், தைரொயிட் எல்லாம் பார்க்க இரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் "காயப்பட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டார். அண்ணாவின் தோளுக்குள் ஒரு ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. இதை வன்னியில் உள்ள எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். உடம்புக்குள் இரும்புத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது ஆபத்து, அதன் காந்தம் துண்டை அசைக்கும். எங்கே எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். அண்ணாவுக்கு மூளையில் வேறு பிரச்சினை இல்லை என்று பார்க்க சீ.ரி. ஸ்கான்தான் எடுத்தார்கள்.

முதல் நாளே நோயின் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த விசயத்தில் பெயர் காலத்தைப் பொறுத்தது என்று பிறகு விளங்கியது. யதார்த்தத்தோடு உள்ள தொடர்பு அறுந்துபோகிற நிலையைப் பொதுவாக சைக்கோசிஸ் என்கிறார்கள். அது காய்ச்சல் மாதிரி, பல நோய்களில் வரும். ஒரு மாதத்துக்குள் முழுதாக மாறிவிட்டால் ஒரு பெயர். குரல்களும் மருட்சியும் ஒதுங்கிப்போவதுமாக எல்லாம் சேர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் மனச்சிதைவு என்ற பெயர். கடும் மனச்சோர்விலும், அளவு மீறிய உற்சாகத்திலும், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் சைக்கோசிஸ் வரலாம், அவற்றுக்குப் பெயரும் வைத்தியமும் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மனச்சிதைவு உள்ளவர்கள் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர். எங்கள் கிராம சேவையாளர் பிரிவிலேயே இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டும். இருக்கிறார்கள், எனக்கு இப்போது தெரியும்.

மருந்து றிஸ்பெரிடோன், குறைந்த அளவில் தொடங்கினார்கள். மூளையில் டோபமின் என்ற இரசாயனத்துக்கு, கண்ணில் படுவதில் எது கவனிக்க வேண்டியது என்று குறித்துவைக்கிற வேலையில் பங்கு உண்டு. அது அளவு மீறினால் எல்லாமே கவனிக்க வேண்டியவை ஆகிவிடும், இருமலும் இலக்கத் தகடும்கூட. மருந்து அதைத் தணிக்கிறது. அண்ணா பிறகு சொன்னார்: "பயம் மட்டும் இல்லையடி. ஒரு பெரிய விசயம் எனக்கு மட்டும் விளங்கிப்போன மாதிரியும் இருந்தது." அந்தப் பெருமையையும் சேர்த்துத்தான் மருந்து எடுத்துவிடுகிறது, குளிசை பிடிக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் வாரத்துக்குள் ஒரு பின்னேரம் அண்ணாவின் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது, கண் மேலே செருகியது. "நஞ்சு, நான் சொன்னன்தானே" என்று கத்தினார். அம்மா அழ, அயல் கூட, மருந்து வேண்டாம் என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு ஊசி போட்டார்கள், சிறிது நேரத்தில் கழுத்து இளகியது. இந்த மருந்துகளுக்கு, அதுவும் இளம் ஆண்களுக்கு, இது தெரிந்த பக்கவிளைவு. பென்செக்சோல் குளிசை சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்து தொடங்குகிற நாளே "என்னென்ன வரலாம், வந்தால் எங்கே வர வேண்டும்" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் அந்தத் தாள்தான் அயலவர்களின் தீர்ப்பிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

ஒரு இடத்தில் இருக்க முடியாத துடிப்பு வருவதும் உண்டு. கால் நிலத்தில் நிற்காது. நோய் கூடிவிட்டது என்று நினைப்போம், மருந்தின் வேலையாக இருக்கும், அளவை மாற்றினால் அடங்கும். ஒலன்சபின் போன்ற மருந்துகள் பசியைக் கிளப்பி உடம்பைப் பெருக்க வைக்கும், சீனியைக் கூட்டும். ஆகவே எடையும் இரத்தச் சீனியும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இன்னொன்று, ஆண்கள் யாரிடமும் சொல்லாமல் மருந்தை விடுகிற காரணம்: தாம்பத்திய ஆசையும் இயலுமையும் குறைவது, சிலருக்கு மார்பு வீங்குவது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், பால் சுரக்கலாம். இதைத் தங்கச்சியிடம் ஒரு அண்ணன் எப்படிச் சொல்வார்? அவரை டாக்டரோடு தனியே கதைக்க விட்டு நான் வெளியே வாங்கில் இருந்தேன். மருந்தை மாற்றவும் குறைக்கவும் வழி உண்டு, டாக்டருக்குத் தெரிந்தால்தான் உண்டு.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகள் உடம்பு சூட்டைச் சமாளிக்கிற விதத்தைக் குழப்பும், பென்செக்சோல் வியர்வையைக் குறைக்கும். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே வேலை செய்கிறவருக்கு அது விளையாட்டில்லை. தண்ணீர்ப் போத்தல், மத்தியானம் நிழல். நித்திரைத் தூக்கம் இருக்கும் வரை கட்டடச் சாரத்தில் ஏறுவதும் மோட்டார் சைக்கிள் ஓடுவதும் இல்லை.

பலன் வந்த ஒழுங்கைக் கவனித்தேன். முதலில், நாட்களுக்குள், நித்திரையும் பதற்றமும். பிறகு வாரங்கள் கழித்துக் குரல்கள் தூரப் போயின, பக்கத்து வளவிலிருந்து கதைக்கிற மாதிரி ஆகி, பிறகு இல்லாமல் போயின. நம்பிக்கைதான் கடைசி. அது ஒரு நாள் உடைந்து விழவில்லை. ஒருநாள் அண்ணா சொன்னார்: "அவங்கள் இருக்கிறாங்களோ தெரியாது. ஆனா இப்ப எனக்கு அவங்களோட அலுவல் இல்லை." எனக்கு அது காணும். "அது பொய் எண்டு சொல்லுங்கோ" என்று அவரைக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைக்கிற ஆசை அம்மாவுக்கு இருந்தது. நான் விடவில்லை.

கதைக்கிற விதத்துக்கு வருகிறேன், வீட்டில் உள்ளவர்களின் கையில் இருப்பது இதுதான். எதிர்த்து வாதாடக் கூடாது, ஒத்து ஊதவும் கூடாது. "ஓம், நானும் கண்டனான்" என்று சமாதானத்துக்காகச் சொல்கிற ஒரு பொய் பிறகு சாட்சியாக வந்து நிற்கும். நான் சொல்லிப் பழகிய வசனம்: "எனக்கு அந்தச் சத்தம் கேக்கேல்லை அண்ணா. உங்களுக்குக் கேக்குது எண்டு விளங்குது. பயமாத்தான் இருக்கும்." பயத்தை ஒப்புக்கொள்ளலாம், அது நூற்றுக்கு நூறு உண்மை. குளிசையைச் சோற்றுக்குள் ஒளித்துக் கொடுக்கும்படி அயலில் பலர் சொன்னார்கள். நஞ்சு வைக்கிறார்கள் என்று பயப்படுகிறவருக்கா? ஒருமுறை பிடிபட்டால் அந்த வீட்டில் அவர் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூட நம்பிக் குடிக்க மாட்டார். அந்தக் குறுக்குவழிக்கு நாங்கள் போகவில்லை.

இங்கிலாந்தில் ஜோர்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் கூட இருந்தவர்களும் 1950களிலிருந்து ஒன்றைக் கவனித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களில், ஓயாத குறைகூறலும் கோபமும் அளவு மீறிய பொத்திவைப்பும் உள்ள வீடுகளுக்குப் போனவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பி வந்தது. குடும்பம் நோயை உண்டாக்கியது என்று இதற்கு அர்த்தமில்லை, அப்படிச் சொல்லித் தாய்மாரைக் குற்றவாளியாக்கியது மருத்துவத்திலேயே ஒரு காலத்தில் நடந்த அநியாயம். வீட்டுச் சத்தம் குறைந்தால் மருந்துக்கு உதவி, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் திட்டுகிறவர்கள் இல்லை. அம்மா அண்ணாவின் நிழலாகத் திரிந்தார். கிணற்றடிக்குப் போனாலும் பின்னால். யோசித்துப் பாருங்கள், பின்தொடர்கிறார்கள் என்று பயப்படுகிற மனிதனை! அம்மாவைக் கிழமையில் சில நாள் மாமி வீட்டுக்குத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தது நல்ல வைத்தியமாக இருந்தது, இரண்டு பேருக்கும்.

சுகமாக இருந்த ஒரு அரிவுவெட்டுக் காலத்தில் அண்ணா மருந்தை விட்டார். காலையில் தூக்கம் தெளியாமல் வேலைக்குப் போக முடியவில்லை என்றார், அது நியாயம். விட்ட கையோடு ஒன்றும் நடக்காது, அதுதான் ஏமாற்று. சில வாரம் நன்றாக இருந்தார், "பார், குளிசை இல்லாமலே சரி" என்றார். பிறகு ஒரு இரவு போனிலிருந்து பற்றரியைக் கழற்றித் தண்ணீரில் கழுவினார். முதல் தடவையைவிட வேகமாக எல்லாம் திரும்பின, தெளிய இன்னும் நீண்டகாலம் எடுத்தது. முதல் தடவை குணமான பிறகும் ஒரு வருடம், இரண்டு வருடமாவது மருந்தைத் தொடரச் சொல்வது இதனால்தான். குறைப்பதாக இருந்தால் டாக்டரோடு சேர்ந்து, மெல்ல மெல்ல.

அதற்குப் பிறகு அண்ணாவே கேட்டு ஊசிக்கு மாறினார். புளூபெனசின், தசையில் போடுவது, சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் காணும். ஒவ்வொரு இரவும் "போட்டீங்களா?" என்ற கேள்வி வீட்டிலிருந்து போனது. 2022இல் நாட்டில் மருந்தும் பெற்றோலும் இல்லாமல் போனபோது இந்த ஊசி எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தந்தது. குளிசை எடுக்கிறவர்கள் பாமசி பாமசியாக அலைந்தார்கள். குளிசை எடுப்பவராக இருந்தால் முடிகிற நாளுக்கு முந்திய கிழமையே கிளினிக்குக்குப் போவது நல்லது, வீட்டில் எப்போதும் சில நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் எடுத்தும் சரிவராதவர்களுக்குக் குளோசபின் உண்டு. கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு அம்மாவின் மகனுக்கு அதுதான் உயிர் கொடுத்தது. அது வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் முதல் 18 வாரமும் வாரந்தோறும் இரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோலோடு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. பீடி, சிகரெட் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும், அதையும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணா தெளிந்திருந்தபோது இருவரும் இருந்து கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினோம். நடுச்சாமத்தில் தேத்தண்ணி ஊற்றுவது, போன் பற்றரி, யன்னலுக்குச் சீலை, கூட்டாளியின் போனை எடுக்காமல் விடுவது. இதில் இரண்டு ஒன்றாகக் கண்டால் நான் சொல்லலாம், அவர் கோபிக்கக் கூடாது, கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் போக வேண்டும். அம்மாவுக்கு அந்த உரிமை இல்லை, அது அண்ணாவின் நிபந்தனை.

எங்கள் பெரியம்மாவின் கதை வேறு. ஐம்பது தாண்டியவர், வயல் கணக்கு, சீட்டு, பேரப்பிள்ளைகள் என்று ஒன்றிலும் பிசகில்லை. ஒரே ஒரு விசயம்: பக்கத்து வளவுக்காரர் இரவில் வந்து கிணற்றுக்குள் மருந்து ஊற்றுகிறார். இதிலும் ஒரு உண்மை வேர் இருந்தது. மீள்குடியேறி வந்த காலத்தில் எல்லைவேலியில் அந்த வீட்டோடு பெரிய சண்டை. பெரியம்மா விதானையாரிடம் போனார், பொலிசுக்குப் போனார், தண்ணீரைப் பரிசோதித்து நல்லது என்று முடிவு வந்தது. முடிவு எழுதியவருக்கு வளவுக்காரர் காசு கொடுத்துவிட்டாராம். குரல் இல்லை, பேச்சில் குழப்பம் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் இப்படி மருட்சி மட்டும் தனியே நின்று, ஆள் மற்ற எல்லாவற்றிலும் தன்பாட்டில் இயங்கினால் அது மருட்சி நோய். நடுவயதிலோ அதற்குப் பிறகோ வருவது அதிகம். துன்புறுத்துகிறார்கள் என்பது ஒரு வகை. துணை துரோகம் செய்கிறார், பெரிய மனிதர் ஒருவர் என்னைக் காதலிக்கிறார், தோலுக்குள் பூச்சி ஓடுகிறது என்பவை வேறு வகைகள்.

இவர்களை டாக்டரிடம் கொண்டுபோவது அண்ணாவைக் கொண்டுபோனதைவிடக் கடினம், ஏனென்றால் ஊர் அவர்களை நம்பும். எங்கள் உறவில் பாதிப் பேர் இப்போதும் வளவுக்காரரோடு கதைப்பதில்லை. பாவம் அந்த மனிதர். பெரியம்மாவும் நித்திரையில்லாமைக்கும் வயிற்றெரிவுக்கும்தான் போனார். வயது போனவர்களுக்குப் புதிதாக இப்படி வந்தால் காது கேட்பது, பார்வை, மறதி, எடுக்கிற வேறு மருந்துகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். காது மந்தமானால் பாதி கேட்ட பேச்சைச் சந்தேகம் நிரப்பிக்கொள்ளும். பெரியம்மாவுக்கும் ஒரு காது மந்தம். மிகக் குறைந்த அளவில் மருந்து கொடுத்தார்கள். இன்று வளவுக்காரரின் பெயரை எடுப்பதில்லை, ஆனால் குடிதண்ணீர் மட்டும் பள்ளிக்கூடத்துக் குழாயிலிருந்துதான். அதோடு வாழலாம்.

துரோகம் என்கிற வகையில் மட்டும் பொறுமை வேண்டாம். குடியோடு சேர்ந்து கணவனுக்கு அந்தச் சந்தேகம் பிடித்து, மனைவியின் உடுப்பைச் சோதிப்பது, வேலைக்குப் போகும் வழியில் ஒளிந்து நிற்பது என்று போனால், விளக்கம் கொடுத்து அவர் மனதை மாற்றலாம் என்று இருக்காதீர்கள். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான வீட்டுக்குப் போவது முதல் வேலை, வைத்தியம் அடுத்தது. மற்றப்படி இந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை, தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்வதற்குத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும். குரல் சாகச் சொல்கிறது, இன்னாரைத் தாக்கு என்கிறது என்று சொன்னால் அன்றிரவே கொண்டுபோங்கள். இலங்கையில் 1990 இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அந்த நிறுவனம் இருப்பது அங்கொடையில். "அங்கொடைக் கேஸ்" என்று ஊரில் பகிடி பண்ணுகிறவர்கள் அந்த இலக்கத்தைக் குறித்து வைப்பது நல்லது, எந்த வீட்டுக்கும் தேவைப்படும்.

கலியாணம் செய்துவைத்தால் சரியாகும் என்று எங்களுக்கும் சொன்னார்கள். சரியாகாது. மறைத்துச் செய்தால் மருந்தையும் மறைக்க வேண்டி வரும், பிறகு மருந்து நிற்கும்.

அண்ணா இப்போது வேலைக்குப் போகிறார். சொந்தக்காரரான ஒரு கொந்தராத்துக்காரர் முதலில் அரை நாள் வேலை கொடுத்தார், பூச்சு வேலை, நிலத்தில் நின்று செய்வது. பழைய வேகம் இல்லை. மூன்று பேர் ஒன்றாகக் கதைத்தால் தலை களைக்கிறது என்கிறார். சம்பளத்தில் கிளினிக் நாளுக்குரிய ஓட்டோக் காசைத் தானே எடுத்து வைக்கிறார். ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும் என்று அடுத்த கிளினிக்கில் கேட்கப்போகிறார், கை நடுக்கம் பூச்சு வேலைக்கு இடைஞ்சலாம். எனக்கு இந்த மாரியும் காலபோக விதைப்பும் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறது. அவர் கேட்கமாட்டார் போலத் தெரிகிறது. டாக்டருக்கு முன்னால் இரண்டு பேரும் அவரவர் பக்கத்தைச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம்.